சொல்லிவிட்டு வருகிறவள்

"அம்சம் வர்றேன். கையில தண்ணிக் கொடம் இருக்கு. கதவத் தொறக்கப் போறேன்."

இத்தனையும் சொல்லி, மனதுக்குள் மூன்று எண்ணிய பிறகுதான் அம்சம் கதவில் கை வைப்பாள். உள்ளே ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள், பத்து வயதிலிருந்து பதினேழு வரை. திறந்த பிறகாவது வாய் ஓயுமா என்றால் ஓயாது. "சன்னல சாத்தப் போறேன், சத்தம் கேக்கும்." "வெளக்கப் போடறேன், கண்ணு கூசும்." "குனியறேன், பாய எடுக்கத்தான்." ஒரு நாளைக்கு நூறு தடவை இப்படி. பால் ஊற்ற வருகிற மூஸா பாய், இந்த அம்மாவுக்கு மேல்மாடி காலி என்று சமையற்கட்டில் சொல்லிவிட்டார். அது காதுக்கு வந்தபோது அம்சம் சிரித்தாள். மறுநாள் பாத்திரத்தை நீட்டும்போது, "கைய நீட்டறேன் பாய், பயந்துறாதீங்க" என்றாள்.

இல்லம் இருப்பது தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இருக்கும் பெண்களைத் தேடுகிற ஆட்கள் இன்னும் வெளியில் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முன்பு அது அரிசி ஆலை. நெல் காயப்போட்ட சிமென்ட் களம் அப்படியே கிடக்கிறது. அவித்த நெல்லின் வாடை சுவரை விட்டுப் போகவில்லை, மழைக்காலத்தில் எழுந்து வரும். மூட்டை அடுக்கிய கிடங்குதான் இப்போது பெண்கள் படுக்கிற கூடம். மூட்டை திருட்டுப் போகாமல் இருக்க உயரத்தில் வைத்த சன்னல்கள், பிள்ளைகள் ஓடிப்போகாமல் இருக்க உதவுகின்றன. கட்டடத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

போலீஸ் கூட்டிவந்து விட்டவர்கள், யாரோ புண்ணியவான் உதவி எண்ணுக்குப் பேசியதால் மீட்கப்பட்டவர்கள், தானே ஓடிவந்து பஸ் நிலையத்தில் திகைத்து நின்றவர்கள் என்று பல விதம். அடி வாங்கியவர்கள், வாங்கி வாங்கி அடிக்கவும் கற்றுக்கொண்டவர்கள். இவர்களைப் பார்த்துக்கொள்கிற அம்சத்துக்குக் காகிதத்தில் ‘இல்லத் தாய்’ என்று பதவிப் பெயர். அது அவளுக்குப் பிடிக்காது. "தாயின்னு ஒருத்தி இருப்பா, நல்லவளோ கெட்டவளோ. நான் அம்சம். அவ்வளவுதான்" என்பாள்.

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி உடம்பு, ஆனால் கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டிருக்கும். சேற்றில் முப்பது வருஷம் நின்ற கால்கள். செருப்பை வேண்டுமென்றே தரையில் தட்டித் தட்டி நடப்பாள். தேய்ந்தால் ஓசை வராது என்று, தேயும் முன்பே புதுச் செருப்பு வாங்கிவிடுவாள். கொண்டையில் முன்பெல்லாம் ஒரு மரச்சீப்பு செருகியிருக்கும். தை மாதத்திலிருந்து அது இல்லை. வேறு வாங்கவும் இல்லை.

கண்காணிப்பாளர் தங்கம்மாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் அறைச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. சண்டை போடாமல், கத்தாமல், சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு நாளைக் கழித்தால் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் ஒட்டப்படும். பத்து நட்சத்திரத்துக்கு டி.வி., இருபதுக்கு ஐஸ்கிரீம். பொட்டு தீர்ந்துபோன நாட்களில் அம்சம் அந்த நட்சத்திரங்களில் ஒன்றை உரித்து நெற்றியில் ஒட்டிக்கொள்வாள். அது நடத்தைக்குக் கொடுப்பது என்று தங்கம்மாள் கண்டித்தால், "என் நடத்தைக்கு என்ன கொறச்சல் டீச்சரம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அவளுடைய வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. கேட்பவர்களிடம், "நான் செஞ்ச தப்பு" என்பாள். அடுப்பில் சுட்டுக்கொண்டாள் போல என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது பல் பதிந்த தழும்பு.

செம்மொழி போன வருஷம் ஆனியில் வந்தாள். பதினான்கு வயது, இடுப்பு வரைக்கும் முடி. பாயைச் சுவரோரம் போட்டு, முதுகைச் சுவரில் ஒட்டித்தான் உட்காருவாள், தூங்குவதும் அப்படியே. சாப்பாட்டு வரிசையில் எல்லோருக்கும் கடைசியாகத்தான் நிற்பாள், பசித்தாலும் சரி. அம்சம் இதையெல்லாம் பார்த்தாள். பிகு செய்துகொள்கிறது பெண் என்று நினைத்தாள்.

வந்த பத்தாம் நாள் செம்மொழி மதில் ஏறிக் குதித்து ஓடினாள். வெண்ணாற்றுப் பாலத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பதிவேட்டில் அது முதல் சம்பவம். ஆடியில் ஒரு மத்தியானம், சமையல்காரர் பின்பக்கமாக வந்து, தள்ளி நிற்கச் சொல்லித் தோளைத் தொட்டார். எவர்சில்வர் தட்டு பறந்து அவர் புருவத்தைக் கிழித்தது. அது இரண்டாவது. மூன்று சம்பவம் சேர்ந்தால் குழுவுக்குத் தாள் போகும். பிள்ளைகள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற குழு அது. கட்டுக்கு அடங்காத பிள்ளைகளை வடக்கே ஒரு பெரிய இல்லத்துக்கு அனுப்பும். அங்கே முந்நூறு பேர், இரட்டை மதில், பெயருக்குப் பதில் எண் என்று பெண்களுக்குள் பேச்சு. போனவர்கள் யாரும் திரும்பி வந்து அது பொய்யென்று சொன்னதில்லை.

மூன்றாவது சம்பவத்தை உண்டாக்கியவள் அம்சம்.

வேறு எந்தப் பெண்ணும் செய்திருக்கக்கூடியதுதான். ஆவணியில் கூடத்தில் பேன் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை களத்துப் படியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாக இழுத்து முன்னால் இருத்தி, தலையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிப் பேன்சீப்பால் வாரினாள். பெண்பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் இப்படித்தான். நெளிகிற பிள்ளையின் முடியைக் கையில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்துக்கொள்வதும் வழக்கம்தான். பாசமும் அதிகாரமும் அதில் கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. செம்மொழி மட்டும் முறை வந்தும் வரவில்லை. அம்சம் எழுந்து அவளுக்குப் பின்பக்கமாகப் போய், "வாடி ராசாத்தி" என்று தோளை அமுக்கி உட்காரவைத்து, கால்களுக்கு நடுவே அணைத்து, முடியைக் கையில் சுற்றினாள்.

அந்தப் பெண் கத்தவில்லை. அதுதான் அம்சத்துக்கு மறக்கவில்லை. உடம்பு முழுக்க மரக்கட்டையாக விறைத்துப்போனது. பிறகு பல் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு தட்டுப்படும்வரை விடவில்லை. பிடுங்கிக்கொண்டு ஓடியவள் தையல் அறையில் தாழிட்டுக்கொண்டாள். கதவை நெம்பித் திறந்தபோது கையில் துணி வெட்டும் கத்தரிக்கோலோடு சுவரோரம் நின்றாள். முடி முழுவதும் தரையில் கிடந்தது.

சாயங்காலம் தங்கம்மாள் சம்பவத் தாளை நீட்டினார். கட்டுக்குள் கை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. நன்றி கெட்ட ஜென்மம் என்றுதான் அம்சம் அப்போது நினைத்தாள். அதை அவள் யாரிடமும் மறைப்பதில்லை. அறிவொளி வகுப்பில் கற்ற கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, வலியோடு, கோபத்தோடு போட்டுக் கொடுத்தாள். தாள் போய்விட்டது.

இல்லத்துக்கு அவ்வப்போது வந்துபோகிற ஃபஹ்மிதா அந்த வாரம் வந்தாள். பிள்ளைகளோடு பேசி அவர்களை ஆற்றுப்படுத்துகிற வேலை அவளுக்கு. இருபத்தேழு வயது, கூத்தாநல்லூர்ப் பெண். அப்பா சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்து சென்னையில் படிக்கவைத்தவர். செம்மொழியின் கோப்பில் ‘புறக்கணிப்பு’ என்று ஒரே சொல்தான் இருந்தது. அது போதாமல், அந்தப் பெண்ணின் ஊருக்கே போய் அங்கன்வாடி டீச்சரிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். தாய் செத்த பிறகு சித்தப்பா முறையான ஒருவன் வீட்டில் இருந்திருக்கிறாள். அவன் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பின்னாலிருந்து வந்து, முடியைக் கையில் சுற்றிக்கொண்டு, உரமூட்டை வைக்கிற கொட்டகைவரை இழுத்துப்போய் உள்ளே தள்ளிப் பூட்டுவான். இரண்டு நாள், மூன்று நாள். நான்கு வருஷம் இப்படி நடந்திருக்கிறது.

கையில் சுற்றிக்கொண்டு என்று ஃபஹ்மிதா சொன்ன இடத்தில் அம்சம் தன் கையைப் பார்த்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கை, அந்தக் கயவனின் கை போட்ட அதே சுற்றைப் போட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு கையும் ஒன்றுதானே!

"வரப்புல நடக்கறப்ப காலத் தட்டி நடப்போம்ல?" என்று ஃபஹ்மிதாவிடம் கேட்டாள். "எதுக்கு? நாம வர்றது பாம்புக்குத் தெரியணும்னுதான். பயந்தாத்தான் அது கடிக்கும். முப்பது வருசமா வயல்ல இதத் தெரிஞ்சு வச்சிருந்தேன். இங்க வந்து மறந்துட்டேன் பாரு."

செருப்பைத் தட்டி நடப்பதும், சொல்லிவிட்டுக் கதவைத் திறப்பதும் மறுநாள் ஆரம்பித்தன. வேடிக்கை என்னவென்றால், இதையெல்லாம் ஃபஹ்மிதா ஏற்கெனவே சொல்லித்தந்திருந்தாள். அடிபட்டு மிரண்ட பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. தொடும் முன் கேள், செய்யும் முன் சொல், முதுகுப்புறமாகப் போகாதே என்று திரையில் பெரிய எழுத்தில் வந்தது. அம்சம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூன்றாவது வரிசையில் தூங்கிவிட்டாள். தூங்கியவளுக்கு அந்தப் பாடம் மணிக்கட்டு வழியாகத்தான் ஏறியது.

ஆனால் சொல்லிவிட்டு வருவது மட்டும் போதவில்லை. செம்மொழி அவளைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மன்னிப்பு கேட்கலாமென்றால் முகத்தைப் பார்த்தால்தானே கேட்க முடியும்? அம்சம் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அது எந்தத் திரையிலும் வராதது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் களத்துப் படியில் போய் உட்கார்ந்தாள். கூடத்துக்கு முதுகைக் காட்டி, வயலைப் பார்த்து. கொண்டையை அவிழ்த்து முடியை முதுகில் பரத்தினாள். மரச்சீப்பைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு திரும்பாமலே உரக்கச் சொன்னாள்: "செம்மொழி, எனக்குத் தல அரிக்குது. மனசிருந்தா வந்து பாரு. இல்லாட்டி வேணாம். நீ ‘ஆச்சு’ன்னு சொல்ற வரைக்கும் நான் திரும்ப மாட்டேன்."

யாரும் வரவில்லை. இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, "எந்திரிக்கப் போறேன்" என்று சொல்லி எழுந்து போனாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். மற்றப் பெண்கள் ஓடிவந்து சீப்பை எடுத்தால், இன்றைக்கு இல்லை, நாளைக்கு என்று அனுப்பிவிடுவாள். தங்கம்மாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார். தட்டால் புருவத்தைப் பிளந்தவளுக்கு, கத்தரிக்கோல் எடுத்தவளுக்கு, யாராவது முதுகைக் காட்டி உட்காருவார்களா என்று கேட்டார். நடவு வயலில் பின்னால் பின்னால் நகர்ந்தே காலம் போய்விட்டது, முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று ஒரு நாளும் பார்த்ததில்லை என்று அம்சம் பதில் சொன்னாள். தைரியமாகத்தான் சொன்னாள். உண்மையில் அவளுக்குப் பயம் இருந்தது.

ஐந்தாவது ஞாயிறு, ஐப்பசி மழை விட்டிருந்த சாயங்காலம், முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்டது. அம்சத்தின் கழுத்தில் மயிர் சிலிர்த்தது. எதிரே மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகளை எண்ண ஆரம்பித்தாள். சீப்பு எடுபடுகிற சத்தம். பிறகு இழுப்பு. அது வாரல் இல்லை, இழுப்புதான். சிக்கில் மாட்டிய சீப்பை அந்தப் பெண் வேரோடு பிடுங்குவது போல இழுத்தாள். முடி கொத்தாக வந்தது. கண்ணில் நீர் வந்தது. அம்சம் திரும்பவில்லை. காக்கைகள் பதினேழு. மறுபடி எண்ணினாள். வெகுநேரம் கழித்து, கரகரத்த குரலில் பின்னாலிருந்து ஒரு சொல் வந்தது: "ஆச்சு."

அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. இழுப்பு மெல்ல மெல்ல வாரலாக மாறியது. கார்த்திகையில் ஒரு நாள் செம்மொழி வாரிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். பார்க்க எதிரே முகம் இல்லாததாலோ என்னவோ, பேச்சு தடையில்லாமல் வந்தது. கொட்டகையின் ஓட்டை வழியாகத் தெரிந்த வெளிச்சத்தை வைத்து மணி கண்டுபிடித்தது, யூரியா நெடியில் கண் எரிந்தது, பூட்டு திறக்கிற சத்தத்துக்கு ஆசைப்பட்டது, ஆசைப்பட்டதற்காகத் தன்னையே வெறுத்தது. அம்சம் ஒரு ‘ம்’ கூடக் கொட்டவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டால் தோள் அசைந்து தெரிந்துவிடும் என்று அதையும் செய்யவில்லை.

அவள் என்ன சொன்னாள் என்று ஃபஹ்மிதா கேட்டபோது அம்சம் சொல்ல மறுத்துவிட்டாள். "அது எங்கிட்ட சொன்னது இல்ல பாப்பா. என் முதுகுகிட்ட சொன்னது." ஃபஹ்மிதா கெட்டிக்காரி. மேஜைக்கு எதிரும் புதிருமாக உட்காரவைத்துப் பேசுவதை அன்றோடு விட்டாள். செம்மொழியும் அவளும் களத்துச் சுவரில் பக்கம் பக்கமாக, வயலைப் பார்த்து உட்கார்ந்து பேசினார்கள். மார்கழிக்குள் அட்டையில் செம்மொழியின் பெயருக்கு நேரே பதினோரு நட்சத்திரம். பாயைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த ஒரு முழத்தைப் பார்த்துவிட்டு அம்சம் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

தை பிறந்து ஐந்தாம் நாள், ஆவணியில் போன தாள் திரும்பி வந்தது.

ஐந்து மாதம் எந்த மேஜையில் எந்தக் கட்டுக்கு அடியில் கிடந்ததோ தெரியாது. செம்மொழியை இடம் மாற்றுவது பற்றி விசாரிக்கக் குழு கூடுகிறது, அழைத்து வரவும் என்று இருந்தது. அம்சம் தங்கம்மாளிடம் போய், தான் போட்ட கையெழுத்தை அழித்துவிட முடியுமா என்று கேட்டாள். தங்கம்மாள் கல்நெஞ்சக்காரி இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அழிக்கிற வழி எதுவும் இல்லை, வேண்டுமானால் வந்து வாயால் சொல் என்றார்.

வாயால் சொல்ல அம்சம் போனாள், செம்மொழியோடும் ஃபஹ்மிதாவோடும். குழு கூடுகிற கட்டடம் ஊர்க்கோடியில் இருந்தது. பின்பக்கம் வயலில் அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் சாரங்கபாணி, நரைத்த மீசை, பொறுமையான மனிதர். அம்சம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், பேன் பரவியதில் ஆரம்பித்து.

அவர் தாளை அவள் பக்கம் திருப்பினார். "இதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானேம்மா?"

"நாந்தாங்க."

"அப்ப இதுல இருக்கறது பொய்யா?"

"பொய் இல்லீங்க. கடிச்சது நெசம். ஏன் கடிச்சிச்சுன்னு எழுதறதுக்கு அந்தத் தாள்ல எடம் இல்லீங்க."

சாரங்கபாணி தாளை மறுபடி பார்த்தார். உண்மையிலேயே இடம் இல்லை. மற்ற எட்டுப் பெண்களின் பாதுகாப்பையும் தான் பார்க்க வேண்டியிருக்கிறது, இல்லத்தில் காவலுக்கு ஆள் இல்லை, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றெல்லாம் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் குரல் இளகித்தான் இருந்தது; செம்மொழியைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றார். ஃபஹ்மிதா முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

செம்மொழியை உட்காரச் சொன்ன நாற்காலி, கதவுக்கு முதுகைக் காட்டிக் கிடந்தது. ஃபஹ்மிதா அதைக் கவனித்து, சுவர்ப்பக்கம் நகர்த்தலாமா என்று கேட்டு முடிப்பதற்குள், டீ கொண்டுவந்தவர் முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மரியாதையான மனிதர், ஓசைப்படாமல் வந்தார். தட்டை நீட்ட அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலே கையைக் கொண்டுவந்தார்.

நாற்காலி எகிறிப்போய்ச் சுவரில் மோதியது. டீ தெறித்து மேஜையில் இருந்த கோப்புகளை நனைத்தது. செம்மொழி மூலையில் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் யாரையும் தொடவில்லை. நாற்காலி மட்டும்தான் விழுந்தது. ஆனால் ஓரத்தில் இருந்த குமாஸ்தா எழுத ஆரம்பித்துவிட்டார். சாரங்கபாணி நனைந்த தாள்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

அன்றைக்கே அனுப்பிவிடுவது என்று முடிவானது. ஜீப் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தது. துணிமணிகளை அப்புறம் அனுப்பிவைக்கலாம் என்றார்கள். ஃபஹ்மிதா மேல்முறையீட்டுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டே வெளியே ஓடினாள். அம்சம் தாழ்வாரத்தில் தூணோரம் நின்றாள். அந்தப் பெண்ணுக்குத் தான் சம்பாதித்துக் கொடுத்தது இதுதான் என்று இருந்தது அவளுக்கு. எந்தக் கையால் சாப்பிடுகிறாளோ அந்தக் கையால் போட்ட கையெழுத்து.

செம்மொழியை ஜீப்புக்கு அழைத்துப் போகப் பெண் போலீஸ் ஒருத்தி வந்தாள். சின்ன வயது, கெட்டவள் இல்லை, அவசரம்தான். பின்னாலிருந்து வந்து செம்மொழியின் புஜத்தைப் பிடித்தாள். அம்சத்துக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கழுத்து நரம்பு புடைப்பதையும், தாடை இறுகுவதையும் அவள் பார்த்தாள். தன் மணிக்கட்டு தானாகச் சிலிர்ப்பதை உணர்ந்தாள்.

செம்மொழி கடிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அக்கா, பின்னால வராதீங்க. முன்னால வாங்க. கையப் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் பிடிங்க."

அந்தப் போலீஸ்காரப் பெண் திகைத்துக் கையை எடுத்தாள். சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "சரிம்மா. கையப் பிடிக்கப் போறேன்" என்றாள்.

ஐந்து மாதப் பாடு முழுவதும் அந்த ஒரு நிமிஷத்தில் வந்து நின்றது. பார்க்க வேண்டிய மூன்று பேரும் உள்ளே, வேறு டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு, அடுத்த கோப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தாவும் வெளியே வரவில்லை.

இரண்டு நிமிஷம் இருங்கள் என்று செம்மொழி கேட்டிருக்க வேண்டும். அம்சம் அதைப் பார்க்கவில்லை. அழுகிற முகத்தை அந்தப் பெண் பார்க்கக்கூடாதென்று வயல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் செருப்பைத் தரையில் தட்டித் தட்டி யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. கிட்டே வந்து நின்றது. அந்த மூச்சு அவளுக்குத் தெரிந்த மூச்சு.

"சீப்ப எடுக்கப் போறேன்" என்றாள் செம்மொழி.

மூன்று எண்ணுகிற நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கொண்டையிலிருந்து சீப்பு மெதுவாக உருவப்பட்டது. முடி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. உச்சியிலிருந்து நுனிவரைக்கும் ஒரு தடவை, சிக்கில்லாமல், நிதானமாக ஒரு வாரல். அப்புறம் செருப்புச் சத்தம் ஜீப்பை நோக்கித் தட்டித் தட்டிப் போனது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பியது.

‘ஆச்சு’ என்ற சொல் வரவில்லை. ஜீப்பின் இரைச்சல் தேய்ந்து அறுவடை இயந்திரங்களின் சத்தத்தில் கலந்துபோன பிறகும், தாழ்வாரத்து ஓரத்தில் அம்சம் தலைவிரிகோலமாக, வயலைப் பார்த்தபடி, திரும்பாமல் நின்றுகொண்டிருந்தாள்.